வலிமைக்கு ஒரு வரம்பு: மேசை விளையாட்டுகளில் பெண்

1978இல் அமெரிக்காவில் வெளிவந்த 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிநூலில் ஓர் அட்டவணை இருக்கிறது. மேசையைச் சுற்றி உட்காரும் ஒவ்வொருவரும் ஒரு வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்று, வாயால் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. பாத்திரத்தின் உடல் வலிமைக்கும் பகடைதான் எண் தரும். மனித இனத்து ஆண் வீரன் எட்டக்கூடிய உச்சம் 18/00; இதில் 00 என்பது நூறு. பெண் என்றால் 18/50. அதற்கு மேல் பகடை எதைக் காட்டினாலும் செல்லாது. 18/00 உள்ளவன் வாளை வீசினால் எதிரிக்கு ஏற்படும் சேதத்தில் ஆறு கூடும். 18/50 உள்ளவளுக்குக் கூடுவது மூன்று. உருவத்தில் சிறிய 'ஹாஃப்லிங்' இனத்தில் ஆணுக்கு எல்லை 17, பெண்ணுக்கு 14. தீ கக்கும் டிராகன்கள் பறக்கும் உலகம் அது. அங்கேயும் ஒரு பெண் ஆணுக்கு நிகரான பலத்தோடு பிறக்கக் கூடாது என்று அச்சடித்து வைத்தார்கள்.

மலாக்காவில் இருந்துகொண்டு இந்த அட்டவணையைப் படிப்பவருக்குத் தோட்டத்துச் சம்பளக் கணக்கு நினைவுக்கு வராமல் போகாது. தான் சாய் யான் என்பவர் 1896இல் பூக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து இம்மாநிலத்தின் ரப்பர்த் தோட்ட வரலாறு தொடங்குகிறது. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், தெபோங் பக்கங்களில் பால்மரக் காடு பரவியபோது பாலுக்காக மரம் வெட்டியதிலும் புல் பிடுங்கியதிலும் தமிழ்ப் பெண்களின் கையும் இருந்தது. 1920களின் இறுதியில் இந்தியக் குடிநுழைவுக் குழு மலாயாவின் முக்கிய வட்டாரங்களுக்கு வரையறுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அதை 40, 32 என்று இறக்கினார்கள். தொகை குறைந்தது, விகிதம் இம்மியும் அசையவில்லை. ஒரே வெயிலில் ஒரே வாளியைத் தூக்கியவளின் உடலுக்கு ஆணுடலின் ஐந்தில் நான்கு பங்கு என்று விலை வைத்த மனமும், கற்பனை வீராங்கனைக்கு 18/50 என்று கோடு கிழித்த மனமும் வேறுவேறு அல்ல. பெண்ணுடலைக் குறைத்து எண்ணுவதை இயற்கையின் கணக்கு என்று நம்பிய மனம் அது.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்த நம்பிக்கையின் வேர் புரியும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பு, பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் நடத்தும் சங்கங்களிலிருந்து கிளைத்தது. அச்சங்கங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1976 அக்டோபரில் 'தி டிராகன்' இதழில் லென் லகோஃப்கா பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகள் எழுதினார். பெண்களை ஆட்டத்துக்குள் கொண்டுவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஆளுமைப் பண்பை எடுத்துவிட்டுப் பெண்ணுக்கு மட்டும் 'அழகு' என்ற எண்ணை வைத்தார்; ஆண்களை மயக்குவதை அவளுடைய திறன்களில் ஒன்றாக்கினார். என் பார்வையில், வலிமைக்கு வரம்பு கட்டியதைவிட இதுவே பெரிய தீங்கு. பலம் குறைந்த வீராங்கனை தந்திரத்தால் வெல்லலாம். பார்ப்பவன் கண்ணில்தான் அவள் ஆற்றல் இருக்கிறது என்று விதியே சொல்லிவிட்டால் அவளுக்கென்று ஒரு கதை மிஞ்சுவதில்லை.

1979இல், இந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் ஜீன் வெல்ஸ். அவர் எழுதிய 'பேலஸ் ஆஃப் த சில்வர் பிரின்சஸ்' 1981இல் அச்சாகி வந்த கையோடு திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்த சில படங்கள் தகாதவை என்று நிறுவனத்துக்குத் தோன்றியதே காரணம். பிறகு டாம் மோல்ட்வே திருத்தி எழுத, வேறு உருவத்தில் அது வெளிவந்தது. படங்களுக்கு அத்தனை பதறிய அந்த ஆண்டிலும் வலிமை அட்டவணை அப்படியே விற்பனையில் இருந்தது.

இத்துறையின் முதல் பெரிய கள ஆய்வு, சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983இல் வெளியிட்ட 'ஷேர்டு ஃபேன்டஸி'. மின்னியாபொலிஸ் வட்டாரக் குழுக்களோடு உட்கார்ந்து ஆடி எழுதிய நூல். பெண்கள் மிகச் சொற்பம் என்பதை மட்டும் அவர் பதியவில்லை. கதையில் எதிர்ப்படும் பெண்களை வேட்டைப் பொருளாக நடத்துவது, வன்புணர்வைச் சிரிப்புக்குரிய நிகழ்வாக ஆடுவது என்று மேசையில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்தபின் விதிநூலைத் திருத்தினால் போதும் என்று யாரும் நினைக்க முடியாது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு வலிமை வரம்பை நீக்கிவிட்டது. 2014இன் ஐந்தாம் பதிப்பு, பாத்திரத்தின் பாலினம் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்க வேண்டியதில்லை என்று எழுதியே வைத்தது. ஆடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பெண்கள் என்று அதை வெளியிடும் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் கணக்குச் சொன்னது. எண் மாறியது பெரிய வெற்றிதான். ஆனால் இருக்கை யாருக்கு என்பது தனிக் கேள்வி. அதற்கு நம் மண்ணிலேயே பழைய சாட்சிகள் இருக்கின்றன.

பல்லாங்குழி பெண்களின் ஆட்டம். பதினான்கு குழி, முத்துகளைப் பகிர்ந்துகொண்டே போகும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, குழிக்குரியவள் அள்ளிக்கொள்வாள். மலாய் வீடுகளின் சொங்காக் அதற்குச் சகோதரி. இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய 'வீடு' இருப்பது முக்கிய வித்தியாசம். மலாக்காவின் கம்பங்களிலும் பாபா நோஞ்யா வீடுகளிலும் அதுவும் பெரும்பாலும் பெண்கள் கையிலேயே இருந்தது. பலகை இல்லாத இடத்தில் மண்ணில் குழி தோண்டிப் புளியங்கொட்டை போட்டு ஆடலாம். கூட்டல், நினைவாற்றல், எதிராளியின் நாலு சுற்றை முன்கூட்டியே பார்ப்பது எல்லாம் வேண்டும். இவ்வளவு கூர்மையான ஆட்டம் ஏன் வீட்டுக்குள்ளேயே நின்றது? வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்கார வைத்த நாட்களில் அவள் கைக்கு வந்தது பல்லாங்குழி. கருவுற்ற பெண்ணுக்கும் அதுவே துணை. வெளியே போக வேண்டாம் என்று சொன்ன அதே கை எடுத்துக் கொடுத்த ஆட்டம் அது. ஆடுபுலி ஆட்டம் மரத்தடிக்கும் கோயில் கல்தரைக்கும் உரியது; அங்கே உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

சூதாட்டத்தில் பெண்ணின் இடம் இன்னும் கொடியது. பாரதி 1912இல் முதல் பாகத்தை வெளியிட்ட பாஞ்சாலியின் கதையில் அவள் பகடையைத் தொடவில்லை, பணயமாகத்தான் வந்தாள். ஆனால் அந்தச் சபையில் விதியைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்டவள் அவள்: தன்னை முதலில் தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? ஆட்டத்தின் சட்டம் அறிந்த பெரியவர்கள் அவள் பக்கம் நிற்கவில்லை. இந்தக் கதையைத் தெருக்கூத்தில் ஆடும்போது மரபாகப் பாஞ்சாலி வேடம் கட்டுபவரும் ஆண். காமன் கூத்தில் ரதியும் ஆண்தான். வேடமேற்கும் விளையாட்டில் ஆண் பெண்ணாக ஆடலாமா என்று ஆய்வாளர்கள் இப்போது விவாதிக்கிறார்கள். கூத்துக்காரரிடம் அதற்கொரு பதில் உண்டு. அவர் வாத்தியாரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று, பெண்ணின் துக்கத்தைத் தன் தொண்டையில் ஏற்றிக்கொண்டவர். பயிற்சியும் இல்லாமல் அக்கறையும் இல்லாமல் மேசையில் பெண் குரலில் பேசினால் கேலிதான் மிஞ்சும். ஆணே ஆடுவதில் குற்றமில்லை; பெண்ணுக்கு மேடையே கிடையாது என்பதுதான் குற்றம்.

வேடமேற்கும் விளையாட்டு ஓர் அமர்வுக்கு மூன்று நான்கு மணி நேரம் கேட்கும். பெரும்பாலும் இரவில், நண்பர் வீட்டில், வாரம் தவறாமல். தோட்டத்தில் விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் வெட்டி, பால் நிறுத்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டிய பெண்ணுக்கு வீட்டு வாசல் அஞ்சடியில் காலை நீட்டி உட்காரவே நேரம் கிடைத்ததில்லை. ஆண்கள் அந்த நேரத்தில் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கு வந்த பிறகும், இருட்டுமுன் வீடு வந்து சேர வேண்டியவள் மகள்தான். மகனுக்கு அந்தக் கணக்கு இல்லை. எந்த விதிநூலும் இதைத் திருத்த முடியாது.

மேசைக்கு வந்து சேர்ந்தவளைக் காக்கும் வழிகளை இத்துறை இப்போது யோசித்திருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் 2013இல் பரப்பிய 'எக்ஸ் கார்டு' எளிமையானது: நடுவில் ஓர் அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சி நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. 2017இல் மூன்று பெண்கள் சேர்ந்து உருவாக்கிய 'ப்ளூபியர்ட்ஸ் பிரைடு' ஆட்டத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே மணப்பெண்ணின் மனத்தின் வெவ்வேறு முகங்களாக ஆடுகிறார்கள். அவள் பயம்தான் கதை. நம் பக்கத்திலிருந்தும் குரல்கள் வந்துவிட்டன. மலேசியரான ஜெடெக் சியூ எழுத, முன் காவ் வரைந்த 'எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்' நூல்வரிசை தென்கிழக்காசியத் தீவுகளையும் ஆறுகளையும் ஆட்டக் களமாக்கியது; அதில் ஒரு நூலின் மையமே நாய்மலையில் வாழும் ஒரு ராணி. வங்காளத்தின் மிமி மொண்டல் 2022இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கே 'இன் த மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா' என்ற சாகசத்தை எழுதினார். தமிழில், பால்மரக் காட்டையும் முனியாண்டியையும் களமாக வைத்து ஓர் ஆட்டம் எழுதப்பட வேண்டும். அதில் மரம் வெட்டியவளின் வலிமை எந்த எண் என்று அவள் பேத்தி முடிவு செய்யட்டும்.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் புறப்பாட நடவடிக்கை நேரம் என்று ஒன்று இருக்கிறது; அது பகலில் வருவதால் யாரும் இருட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வேடமேற்கும் ஆட்டத்துக்குத் தேவை தாள், பென்சில், சில பகடைகள், கதை நடத்தத் தெரிந்த ஒருவர். அலோர் காஜாவிலோ ஜாசினிலோ ஓர் ஆசிரியர் இதைத் தொடங்கினால், முதல் வாரமே கதை நடத்தும் இருக்கையில் ஒரு மாணவியை உட்கார வைக்கட்டும். விதி பற்றி அவள் கேள்வி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.