முதல் நாள் ஒலியை நம்பலாமா?

கடையில் கிட்டார் கம்பிகளை ஒப்பிடுகிறவர்கள் கேட்பது முதல் நாள் ஒலியை. அந்தப் போட்டியில் பூச்சில்லாத கம்பிதான் ஜெயிக்கும். பாஸ்பர் பிரான்ஸ் சுற்றிய புதுக் கம்பியை மீட்டினால் மேற்சுரங்கள் கணீரென்று தெறிக்கும். கோட்டட் கம்பியின் மெல்லிய படலம் அவற்றில் உச்சியில் இருப்பவற்றைக் கொஞ்சம் விழுங்கிவிடும். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ கம்பி வாழப்போவது அந்த ஒரு நாள் மட்டுமல்ல. ஆயுள் முழுவதும் அது தரும் ஒலியை எடைபோட்டால், நம் பக்கத்துக்குக் கோட்டட் கம்பியே பொருத்தம் என்பேன்.

காரணம் நம் காற்றும் வியர்வையும். தாம்பரத்திலிருந்து கடல் சுமார் 15 கிலோமீட்டர். நீலாங்கரையில் கூப்பிடு தூரம். கோடையில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பாஸ்பர் பிரான்ஸில் பெரும்பங்கு செம்பு. உப்பும் ஈரமும் பட்டால் களிம்பேறாமல் என்ன செய்யும்? பழைய மூன்றாம் கம்பியை இரண்டாம் ஃபிரெட் அருகே திருப்பிப் பாருங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கருப்பும் பச்சையுமாகப் பிசுக்கு. விரல் படும் இடத்தில் மட்டும் இப்படி எடை கூடுவதால், மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் நேர் மடங்குகளை விட்டு விலகுகின்றன. வெறுங்கம்பி டியூனரில் சரியாக நிற்கும், 12-ஆம் ஃபிரெட்டில் சுருதி பிசகும். எலிக்ஸிர் கம்பிகள் 1990-களில் கொண்டுவந்த உத்தி, சுற்றி முடித்த கம்பியின் மேல் படலம் போர்த்தி அந்த இடுக்கையே அடைத்ததுதான். சுற்றும் இழைக்கு மட்டும் முதலில் பூச்சிட்டு, பிறகு சுற்றும் முறையும் உண்டு. அதில் இடுக்கு திறந்தே கிடக்கும்.

விலை இருமடங்காயிற்றே என்பார்கள். மூன்று மடங்கு நாள் உழைத்தால் அது லாபக் கணக்கு. தினமும் பல மணி நேரம் பிக்கால் அடித்து வாசிப்பவருக்கு இது பொருந்தாது. படலம் நார்நாராகப் பிரிந்து காசு வீணாகும். நாளை ஒலிப்பதிவு என்றாலும் பூச்சில்லாத புதுக் கம்பியே சரி, அங்கே முதல் நாள்தான் முக்கியம். வழுக்குகிறது என்ற குறையில் உண்மை உண்டு, தடித்த படலத்தில் இன்னும் அதிகம். ஆனால் அதே வழுக்கல்தான் விரல் நகரும்போது எழும் கிறீச்சொலியை அடக்குகிறது. விரலால் மீட்டுபவருக்கு அது வரவு. ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் உறையிலிருந்து வெளியே வரும் கிட்டாருக்கு யோசிக்கவே வேண்டாம், கோட்டட்தான். அதிலும் சுற்றில்லாத முதல் இரண்டு எஃகுக் கம்பிகள் முந்தித் துருப்பிடித்தால், அவற்றை மட்டும் தனியாக வாங்கி மாற்றினால் போதும்.