வளர்ச்சியை அளக்கும் மரபுகள்: பல்லடம் வட்டாரத்தை முன்வைத்து

நாட்டு வளர்ச்சியை அளக்கும் மரபுகளில் இந்தியாவில் மூத்தது வருமானக் கணக்கு. தாதாபாய் நவரோஜி 1867-68ஆம் ஆண்டுக்குத் தலைக்கு 20 ரூபாய் என்று கணித்தார். சிறைக் கைதிக்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுக் காட்டியதுதான் அந்த எண்ணுக்குக் கூர்மை தந்தது.

இம்மரபு எண்ணுவது கூடிய மதிப்பை மட்டுமே. பல்லடம் பகுதியின் கறிக்கோழிப் பண்ணைகளில் நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. பண்ணைக்காரர் கொட்டகை, மின்சாரம், ஆள் போட்டு வளர்ப்புக் கூலி பெறுகிறார். கோழி விற்ற தொகை அப்படியே நாட்டு வருமானத்தில் ஏறாது. தீவனச் செலவு போன்றவற்றைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்த மதிப்பே ஏறும். பாவு நூல் வாங்கிக் கூலிக்கு ஓட்டும் விசைத்தறிக்கும் இதுவே முறை. தறிக்காரர் வீட்டில் சோறாக்கும் உழைப்புக்கு மட்டும் இந்தக் கணக்கில் இடமே இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம்.

பணத்தை விட்டு மனிதரை அளக்கத் தொடங்கியது அடுத்த மரபு. மாரிஸ் டேவிட் மாரிஸ் 1979இல் எழுத்தறிவு, சிசு மரணம், ஆயுள் மூன்றையும் ஒரே குறியீடாகக் கோத்தார். 1990இல் மஹ்பூப் உல் ஹக் தலைமையில் மனித வளர்ச்சிக் குறியீடு வந்தது. ஒற்றை எண்ணில் வாழ்க்கையை அடைப்பதில், அதை வகுக்க உதவிய பொருளியலாளர் அமர்த்தியா சென்னுக்கே முதலில் தயக்கம் இருந்தது. அது நியாயமான தயக்கம். தமிழ்நாடு தன் முதல் மனித வளர்ச்சி அறிக்கையை 2003இல் வெளியிட்டது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு கோவை மாவட்டத்தில் 83.98 விழுக்காடு, மாநிலத்தில் 80.09. பனியன் ஏற்றுமதியில் பேர்பெற்ற திருப்பூர் மாவட்டத்திலோ 78.68 தான். பல்லடம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

பலவகை இல்லாமைகளைச் சேர்த்து எண்ணும் பல்பரிமாண வறுமைக் குறியீடு 2010இல் வந்த புது வரவு. நிதி ஆயோக் கணக்கில் 2019-21இல் தமிழ்நாட்டில் 2.20 விழுக்காட்டினரே இவ்வகையில் ஏழைகள். இவ்வளவு தாழ்ந்தபின் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்ட அந்த அளவுகோலுக்கு வலு போதாது.

அதைக் காட்டுவது ஊராய்வு மரபு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்தார். அவற்றுள் சில ஊர்களை 1930களில் மறுபடி ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்ப அதே ஊருக்குப் போவதே இம்மரபின் பலம். கொங்குப் பகுதிக் கிராமங்களை ஜூடித் ஹேயர் 1981-82 தொடங்கி 2008-09 வரை இப்படித் தொடர்ந்தார். தலித் குடும்பங்களின் நிலை உயர்ந்ததையும், சாதிப் பாகுபாடு விடாததையும் அவர் சேர்த்தே பதிந்தார். தலித் பெண்கள் சிலர் கூலி வேலையிலிருந்து விலகியதையும் கண்டார். தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தில் இது சரிவாகவே பதியும். அவர் ஆய்விலோ கடும் உடலுழைப்பிலிருந்து கிடைத்த விடுதலையும், கணவரைச் சார்ந்திருத்தல் கூடியதும் ஒருங்கே தெரிந்தன.