கணக்குச் சரி, எடை ஏன் குறையவில்லை?

உண்ணும் ஒவ்வொரு பொருளையும் கலோரியாக எண்ணுகிறீர்கள். நாள் தவறாமல் நடக்கிறீர்கள், உடற்பயிற்சியும் செய்கிறீர்கள். முதலிரண்டு மாதங்கள் எடை குறைகிறது. பிறகு நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. சுற்றியுள்ளவர்கள் அதற்குக் கூறும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: "உனக்கு வாய்க்கட்டு இல்லை!" நாளடைவில் நீங்களும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறீர்கள்.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா? விடை காண வேண்டுமானால், கலோரி எண்ணும் வழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற நூலையே எடுத்து ஆராய வேண்டும். 1918-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'உணவும் உடல்நலமும்' என்பதே அந்நூல். எழுதியவர் லாஸ் ஏஞ்சலீஸ் நகர மருத்துவர் டாக்டர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் அம்மையார். 1920-களில் அது அந்நாட்டில் மிகுதியாக விற்பனையான நூல்களுள் ஒன்று. இன்று கைப்பேசியில் கலோரி எண்ணுபவர்களும், தாம் அறியாமலே, அந்நூலின் மாணவர்கள்தாம்.

நூலின் சிறப்பு

முதலில் நூலின் நிறைகளைக் கூறிவிடுவோம். அதுவரை ஆய்வுக்கூடத்துச் சொல்லாக இருந்த கலோரியை, அம்மையார் இல்லத்தரசிகளின் சொல்லாக மாற்றினார். ஒரு துண்டு ரொட்டி என்று எண்ணாமல், 100 கலோரி ரொட்டி என்று எண்ணப் பழகுமாறு கூறினார். எந்த உணவில் எவ்வளவு எடுத்தால் 100 கலோரி ஆகும் என்பதைப் பட்டியலிட்டார். நகைச்சுவை ததும்ப எழுதினார். தாமும் பருத்த உடலினராக இருந்து மெலிந்தவர் என்பதை மறைக்கவில்லை. எடையைக் காப்பது வாழ்நாள் முழுதும் தொடரும் போராட்டம் என்பதையும் ஒளிக்கவில்லை. எதையும் விலக்காமல், அளவறிந்து உண்ணுங்கள் என்ற அவரது அறிவுரை இன்றைய பல விந்தை உணவுத் திட்டங்களைவிட மேலானது.

குறை எங்கே? அவர் தந்த வாய்பாட்டில் உள்ளது. நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் மாதத்துக்கு 4 பவுண்டு, ஆண்டுக்கு 48 பவுண்டு (சுமார் 22 கிலோ) எடை குறையும். 1,000 கலோரி குறைத்தால் ஆண்டுக்கு 96 பவுண்டு குறையும் என்று நூல் கூறுகிறது. 1958-இல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர், ஒரு பவுண்டு எடை என்பது 3,500 கலோரிக்குச் சமம் என்று எழுதினார். அதன்பின் இவ்வகைக் கணக்கு மருத்துவ நூல்களிலும் நிலைபெற்றது.

இந்த வாய்பாட்டைச் சற்று நீட்டிப் பாருங்கள். 150 பவுண்டு எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்டால், மூன்றாண்டுகள் கழித்து அவர் எடை 6 பவுண்டாக இருக்க வேண்டும்! இப்படி நடக்காது என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் எடை குறையும் வேகம் வழியில் எங்கோ தளர்ந்தே ஆக வேண்டும். எங்கே, ஏன் என்பதைப் பற்றி வாய்பாட்டில் ஒன்றுமில்லை. ஆகவே எடை நின்றுவிட்டால், பழி முழுவதும் உண்பவர் தலையில் விழுகிறது.

ஆற்றல் அழிவின்மை விதி பொய்யன்று. உடலுக்குள் வரும் ஆற்றல், செலவாகும் ஆற்றலைவிடக் குறைந்தால் உடலின் சேமிப்புக் கரையத்தான் செய்யும். ஆனால் அந்த வரவையும் செலவையும் நாம் சரியாக அறிவோமா என்பதே கேள்வி.

வரவுப் பக்கம்

ஒரு கிராம் புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுப்பொருளுக்கு 4 கலோரி என்ற அளவுகளை அமெரிக்க அறிஞர் வில்பர் ஆட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். செரிக்காமல் வெளியேறும் பகுதியைச் சராசரியாகக் கழித்துப் பெற்ற எண்கள் அவை. சராசரி என்பது எல்லா உணவுக்கும் பொருந்தாது. பாதாம் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 28 கிராம் பருப்பில் சுமார் 170 கலோரி உண்டு என்பது பட்டியல். அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012-இல் அளந்தபோது, உடல் பெறுவது 129 கலோரி மட்டுமே என்று தெரிந்தது. மெல்லும்போது உடையாத செல் சுவர்களுக்குள் கொழுப்பின் ஒரு பகுதி சிக்கி அப்படியே வெளியேறிவிடுகிறது.

மறுபுறத்திலும் பிழை நேரலாம். உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கலோரி கூடுதலாக இருந்தாலும் அமெரிக்கச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பதாகக் கணக்கெழுதும் ஒருவருக்குப் பத்து சதவீதப் பிழை நேர்ந்தாலே 200 கலோரி ஆகிவிடும். 500 கலோரி மிச்சம் பிடிக்க முயல்பவருக்கு இது சிறிய தொகையா?

இவை பட்டியலில் உள்ள பிழைகள். நாம் எழுதும் கணக்கிலும் பிழை உண்டு. 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 1,200 கலோரிக்கும் குறைவாகவே உண்கிறோம், ஆயினும் எடை குறையவில்லை என்று கூறிய பத்துப் பேரை ஆய்வாளர்கள் சோதித்தனர். அதற்கு அவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைப் பருகத் தருவார்கள். ஹைட்ரஜன் உடலிலிருந்து நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டைக் கொண்டு, உடல் எவ்வளவு கரியமில வாயுவை உண்டாக்கியது என்று கணக்கிடலாம். அதிலிருந்து எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பத்துப் பேரின் உடலும் இயல்பான அளவு ஆற்றலையே செலவிட்டது. அவர்கள் உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் கூறியிருந்தனர்.

"பார்த்தீர்களா, பொய்தானே!" என்று சிலர் துள்ளிக் குதிக்கலாம். அவசரம் வேண்டாம். அவர்கள் தங்கள் கணக்கை உண்மையென்றே நம்பியவர்கள். தாளிக்க ஊற்றிய எண்ணெய், காப்பியில் கலந்த சர்க்கரை, குழந்தை மிச்சம் வைத்ததை வாயில் போட்டுக்கொண்டது ஆகியவற்றை எவர் மனம் எண்ணி வைக்கும்? நினைவைக் கொண்டு எழுதும் உணவுக் கணக்கு எவரிடமும் துல்லியமாக இராது. பட்டியல் கையிலிருந்தால் கணக்குத் துல்லியமாகிவிடும் என்ற எண்ணத்தை ஊட்டியது நூலின் முதற்குறை.

செலவுப் பக்கம்

இரண்டாவது குறை இதனினும் பெரிது. வரவைக் குறைத்தால் செலவு பழைய அளவிலேயே இருக்கும் என்று வாய்பாடு கருதுகிறது. உடல் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. எடை குறைந்த உடலைச் சுமந்து நடக்கக் குறைந்த ஆற்றலே போதும். அதோடு நிற்காமல், உடல் தன் செலவை எதிர்பார்த்த அளவுக்கும் கீழே இறக்கிச் சிக்கனம் பிடிக்கிறது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக் கழகத்தில் லீபலும் அவர்தம் குழுவினரும் 1995-இல் இதை அளந்து காட்டினர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைகுறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறாண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. ஆயினும் ஓய்வில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் மேற்கொண்டது மிகக் கடுமையான முறை. எல்லோருக்கும் இவ்வளவு நேரும் என்று கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் எடை நின்றுபோவதற்கு இந்தச் சிக்கனம் மட்டுமா காரணம்? இல்லை. பசி இதைவிட வலியது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. 1994-இல் ஃபிரீட்மன் குழுவினர் இதைக் கண்டுபிடித்தனர். கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறையும். மூளை பசியைத் தூண்டும். எடை ஒரு கிலோ குறைந்தால் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. ஆனால் உண்ணத் தூண்டும் வேட்கை சுமார் 100 கலோரி கூடுகிறது என்று 2016-இல் மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. பத்துக் கிலோ குறைத்தவர் நாள்தோறும் எதிர்த்து நிற்க வேண்டியது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதற்கு உருக்கமான சான்று ஒன்றும் உண்டு. 1944–45-இல் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் நல்லொழுக்கமும் கொள்கைப் பிடிப்பும் உள்ளவர்கள். ஆயினும் சில வாரங்களிலேயே அவர்கள் பேச்சும் நினைவும் கனவும் உணவாயிற்று. அவர்களுக்குத் தரப்பட்ட உணவு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. பீட்டர்ஸ் அம்மையாரின் நூல் வழியே புகழ்பெற்ற அளவோ 1,200! அந்த இளைஞர்கள் பருத்தவர்கள் அல்லர், ஆடவர்கள் என்பது உண்மையே. ஆயினும் பசியைக் குணக்கேடாகக் கருதுவோர் இந்தச் சோதனையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சியின் பங்கு

உடற்பயிற்சியால் செலவைக் கூட்டிவிடலாமே என்று கேட்கிறீர்களா? ஓரளவுக்குக் கூட்டலாம். ஆனால் நடந்த நடைக்குரிய கலோரி முழுவதும் அன்றைய மொத்தச் செலவில் சேர்வதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹாட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் உழைக்கும் அம்மக்களின் மொத்த ஆற்றல் செலவு, உடலளவின் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், அமெரிக்க நகரவாசிகளின் செலவுக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது! உழைப்பு கூடும்போது உடல் வேறு இடங்களில் செலவைக் குறைத்து ஈடு செய்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம்.

இதைப் படித்துவிட்டு நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், தசை, உறக்கம் ஆகிய அனைத்துக்கும் அது நன்மை தரும். குறைத்த எடை திரும்பாமல் காக்கவும் உதவும். எடைக்கருவி காட்டவில்லை என்பதால் அதன் பயன் இல்லையென்று ஆகாது.

வாய்பாட்டைத் திருத்தினால்

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவர்தம் குழுவினரும் 2011-இல் புதிய கணக்கொன்றைத் தந்தனர். நாள்தோறும் 10 கலோரி குறைத்தால் இறுதியில் ஒரு பவுண்டு குறையும். அதில் பாதி குறைய ஓராண்டும், 95 சதவீதம் குறைய மூன்றாண்டும் ஆகும். இதன்படி 500 கலோரி குறைப்பவருக்கு முதலாண்டில் ஏறக்குறைய 25 பவுண்டு குறையும். பழைய வாய்பாடு சொன்ன 48-இல் இது பாதிதான். ஆண்டு முடிவில் 25 பவுண்டு குறைத்து நிற்பவர் பழைய நூலின்படி தோல்வியுற்றவர். புதிய கணக்கின்படி சொன்னதைச் செய்து முடித்தவர். மனிதர் ஒருவரே, உழைப்பும் ஒன்றே. வாய்பாடு மட்டுமே வேறு.

முதல் வாரங்களின் விரைவும் ஏமாற்றக்கூடியது. தசையிலும் கல்லீரலிலும் உள்ள கிளைக்கோஜன் தன் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது. அந்த வேகத்தைக் கொழுப்பின் கரைவு என்று எண்ணிவிட்டால், பின்வரும் மாதங்கள் வீணானவையாகத் தோன்றும்.

ஆகவே அன்பர்களே, கலோரிக் கணக்கை ஏறத்தாழ மதிப்பீடாகக் கொள்ளுங்கள். அன்றாட எடையை விட்டு மாதச் சராசரியைப் பாருங்கள். எடை நின்றுவிட்டால், உணவை மேலும் மேலும் வெட்டுமுன் சில நாள்களுக்கு எண்ணெயையும் சர்க்கரையையும் உண்மையாகவே அளந்து பாருங்கள். அப்படியும் மாற்றமில்லையெனில் மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி நோய், சில மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும்.

முதல் உலகப் போர்க்காலத்தில் எழுதிய பீட்டர்ஸ் அம்மையார், பிறர் பட்டினி கிடக்கும்போது பருத்திருப்பது நாட்டுப்பற்றுக்கு இழுக்கு என்றும் எழுதினார். போர் முடிந்தது, அந்தக் குற்றச்சாட்டின் சாயல் மட்டும் நூறாண்டு கடந்தும் கலோரிக் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உணவின் அளவை அறிய அவருடைய பட்டியல் இன்றும் உதவும். அதைக் கொண்டு ஒரு மனிதரின் நேர்மையை அளக்க முயல்வதை மட்டும் நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.