ஒரு கூரையும் ஒரு பந்தியும்

கோயிற் கட்டடக் கலையை ஆராய்வோர் பெரும்பாலும் சுவரையும் தூணையும் விதானத்தையுமே நோக்குவர். அக்கட்டடத்துள் யார் கூடுகின்றனர், எவ்வாறு கூடுகின்றனர் என்பதையும் உடன்வைத்து நோக்கினாலன்றி ஆய்வு முற்றுப்பெறாது. இதற்கு இங்கிலாந்தில் எழுந்த இரண்டு பங்குக் கோயில்கள் தக்க சான்றாகும்.

முதலாவது, கிழக்கு இலண்டனில் போ காமன் என்னுமிடத்திலுள்ள தூய பவுல் ஆலயம். அங்கிருந்த பழைய கோயில் 1941இல் குண்டுவீச்சால் அழிந்தது. இராபர்ட் மகுவயர், கீத் மரே ஆகிய இருவரும் வகுத்த புதிய கோயில் 1960இல் அருட்பொழிவு பெற்றது. நீண்ட மண்டபத்தின் கோடியில் பீடம், அதனை நோக்கி வரிசை வரிசையாக மக்கள் என்னும் பழைய முறையை அவர்கள் கைவிட்டனர். பீடத்தை நடுவில் அமைத்து, கூரையின் கண்ணாடி மாடம் வழியே அதன்மேல் ஒளி விழச் செய்தனர். மக்கள் அதனைச் சூழ்ந்து அமர்வதற்கு, வேண்டியவாறு நகர்த்தத்தக்க இருக்கைகளே உள்ளன. தரையிலோ, தெருவோர நடைபாதைக்கு இடும் கான்கிரீட் பலகைகள்! தெரு கோயிலுக்குள்ளும் தொடர்கின்றது என்று அத்தரை சொல்வதுபோல் தோன்றும். ஆயினும் இஃது ஆங்கிலிக்கன் சபையொன்றுக்கே கட்டப்பட்டது.

இரண்டாவது, 1967இல் புதுநகராக வகுக்கப்பட்ட மில்டன் கீன்ஸின் நடுவே நிற்கும் ‘மூலைக்கல்லாகிய கிறிஸ்து’ ஆலயம். 1992 மார்ச் 13ஆம் நாள் எலிசபெத் அரசியார் முன்னிலையில் இது திறப்புவிழாக் கண்டது. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், மெதடிஸ்டு, பாப்டிஸ்டு, ஐக்கிய சீர்திருத்த சபையார் ஆகிய ஐந்து சபையார்க்கும் இது பொது. ஒரு சபைக்கென அறக்கட்டளையாக எழுதிவைத்த கோயிலைப் பிற சபையாரும் உரிமையோடு ஆளுதற்கு இருந்த தடையை 1969ஆம் ஆண்டுச் சட்டமொன்று நீக்கியது. அவ்வழி திறந்த பின்னரே இத்தகைய கூட்டு முயற்சிகள் உறுதியான சட்ட அடிப்படையைப் பெற்றன.

இனி, இவ்விரண்டையும் சீர்தூக்குவோம். மில்டன் கீன்ஸ் கோயிலின் தலையாய உறுப்பு சிலுவை தாங்கிய குவிமாடம். அது கிறிஸ்டபர் ரென் இலண்டனில் எழுப்பிய பெருங்கோயிலை நினைவூட்டுகிறதேயன்றி, ஐவர் கூடிய புதுமையைத் தன் உருவால் உணர்த்தவில்லை. போ காமனில் உருவம் புதிது, பயன் பழையது. மில்டன் கீன்ஸிலோ பயன் புதிது, உருவம் பழையது. கலை நோக்கில் முன்னதே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும் பின்னதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. கத்தோலிக்க ஒழுங்கின்படி அவர்தம் நற்கருணையில் பிற சபையார் பொதுவாகப் பங்குபெறுதல் இயலாது. ஆதலின் ஒரே குவிமாடத்தின் கீழும் திருப்பலி தனித்தே நிகழ வேண்டியதாகிறது. கூரை ஒன்றாயிற்று, பந்தி ஒன்றாகவில்லை. இதனைக் குறை என்று சிலர் கூறுவர். அக்குறை கட்டடத்தைச் சார்ந்ததன்று. வேறு வேறு தெருக்களில், வேறு வேறு கோயில்களில் மறைந்துகிடந்த பிரிவை ஒரே மண்டபத்தில் எல்லார் கண்ணுக்கும் புலனாக்கியதே அக்கட்டடம் செய்த பணி. தனித்தனியே இருந்த காலத்தில் உறுத்தாத பிரிவு, ஒரே வாயிலில் நுழைந்து ஒரே பீடத்தைக் காண்போர்க்கு வாரந்தோறும் உறுத்தும் அன்றோ?

சிற்பியால் சுவரை அகற்ற இயலும்; பந்தியை ஒன்றாக்குதல் அவன் கையில் இல்லை. ஒன்றாகும் நாளுக்கு இடம் அமைத்து வைத்தலே அவன் கடன். அக்கடனை மில்டன் கீன்ஸ் கோயில் ஆற்றியுள்ளது.