விளையாத ஓரமும் காடையும்

எந்த ஏக்கரில் எவ்வளவு விளைந்தது என்பதை அமெரிக்க அறுவடை இயந்திரம் ஓட்டத்திலேயே வரைபடமாகப் பதிந்துவிடுகிறது. மர நிழல் விழும் ஓரம், நீர் தேங்கும் மூலை என நட்டம் தரும் இடமெல்லாம் அதில் தனித்துத் தெரியும். அந்த இடத்தைப் புல்லுக்கு விட்டுவிடுங்கள், அரசு வாடகை தரும், பாப்வைட் காடையும் பிழைக்கும், உங்களுக்கு இழப்பே இல்லை என்று அங்குள்ள பறவைப் பாதுகாவலர்கள் விவசாயிகளிடம் சொல்கிறார்கள். இந்த வாதத்துக்கு இப்போது பெரிய வரவேற்பு. இதன் அடிப்படையே பிழை என்பது என் கருத்து.

பலன் இல்லை என்று சொல்லவில்லை. வயலைச் சுற்றி 30 முதல் 120 அடி அகலத்துக்குப் புல்லும் பூண்டும் வளர்க்கப் பணம் தரும் அமெரிக்க அரசின் சி.பி.33 திட்டம் 2004-இல் தொடங்கியது. இப்படிப் புல் பட்டை விட்ட வயல்களில், விடாத வயல்களைவிடக் காடைக் கூட்டங்கள் அதிகம் என்று கள ஆய்வுகள் காட்டின. 1966-இலிருந்து நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஓயாமல் சரிந்துவரும் ஒரு பறவைக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஆனால் அந்தப் பட்டை ஐந்தாம் ஆண்டில் என்ன ஆகிறது?

காடை, தீயோ உழவோ அவ்வப்போது கலைத்த நிலத்தின் பறவை. முட்டையிலிருந்து வரும் குஞ்சின் எடை 6 கிராம் அளவுதான். முதல் இரண்டு வாரம் அதற்குப் பூச்சிதான் உணவு. பூச்சியைத் துரத்த வெறும் மண் வேண்டும். பருந்தின் கண்ணிலிருந்து தப்ப மேலே இலை மூட்டம் வேண்டும். விதைத்த இரண்டு மூன்று ஆண்டுகள் பட்டையில் இவை இரண்டும் இருக்கும். பிறகு புல் நெருங்கும், சருகு மெத்தையாகப் படியும், ராக்வீட் போன்ற அகன்ற இலைப் பூண்டுகள் மறையும். ஃபெஸ்க்யூ புல் புகுந்துவிட்டால் குஞ்சு அடியெடுத்து வைக்கவே முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பட்டை பச்சையாகத்தான் இருக்கும். காடைக்கு அது மூடிய கதவு.

மருந்து புதிதல்ல. ஜார்ஜியா, ஃபுளோரிடா எல்லையில் 1924-இல் காடை ஆய்வைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931-இல் வெளியிட்ட தன் நூலிலேயே, தீ இல்லாமல் காடை இல்லை என்று வனத்துறையினர் முகம் சுளிக்கச் சொன்னார். தீ முடியாத இடத்தில் குளிர்காலத்தில் சட்டிக் கலப்பை ஓட்டி மண்ணைக் கிளறலாம். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கலைத்தால் போதும்.

அதைச் செய்வது யார்? பத்தாண்டு ஒப்பந்தத்தில் வாடகை ஆண்டுதோறும் வருகிறது. கலைக்கும் வேலையோ இடையில் எப்போதோ முடிக்கவேண்டிய நிபந்தனையாக நிற்கிறது. எரிப்பதென்றால் புகை, அண்டை வயல், சாலை, ஆள் பற்றாக்குறை என்று ஆயிரம் கவலை. ஆகவே விவசாயி புல்லை வெட்டிவிடுகிறார். வெட்டிய புல் விழுந்து சருகு இன்னும் தடிக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழப்பே இல்லை என்று சொல்லித்தானே அவரை அழைத்தார்கள்? நிலத்தைச் சும்மா விட்டால் போதும் என்றுதானே அவருக்குப் புரிந்திருக்கும்?

எந்தப் புல்லும் இல்லாததற்கு ஏதோ ஒரு புல் மேல் என்று திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். மண்ணரிப்பைத் தடுக்க அது சரி, ஓடைக்கும் நல்லது. ஆனால் காடையின் பெயரில் பணம் வாங்கிக்கொண்டு அதைச் சொல்லக்கூடாது. ஸ்டாடர்டின் வழியில் இன்றும் காடை நிறைந்திருப்பது தாமஸ்வில், டலஹாசி பக்கத்து வேட்டைத் தோட்டங்களில்தான். அங்கே செல்வந்தர்கள் ஓராண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை எரிக்கக் கைக்காசைச் செலவழிக்கிறார்கள். மக்காச்சோளமும் சோயாவும் போடும் குடும்பத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது. அப்படியானால் நிலத்துக்குத் தரும் வாடகையைக் குறைத்தாவது, எரித்த ஏக்கருக்கும் உழுத ஏக்கருக்கும் அந்தந்த ஆண்டே கூலி கொடுங்கள். எரிக்கத் தெரிந்த ஆட்களை மாவட்ட அலுவலகமே அனுப்பட்டும். பட்டை எத்தனை ஏக்கர் என்பதோடு, இந்த ஆண்டு அதில் எவ்வளவு கலைக்கப்பட்டது என்ற கணக்கையும் அறிக்கையில் போடட்டும்.