அளவுகோலும் அளப்போரும்: பெருந்தோட்டப் பாடசாலை மதிப்பீடு குறித்துச் சில சிந்தனைகள்

இலக்கியத் திறனாய்விலே நாம் நன்கறிந்த உண்மையொன்றுண்டு. ஓர் ஆக்கத்தை ஒற்றை அளவுகோல் கொண்டு அளக்க முற்படும்போது, அளக்கப்படும் பொருளைப் பற்றி அறிவதிலும் பார்க்க அளப்போரின் நிலைப்பாட்டையே நாம் அதிகம் அறிந்துகொள்கிறோம். பாடசாலைகளின் தராதரம் பற்றிய இன்றைய விவாதத்துக்கும் இது பொருந்தும். ஒரு பரீட்சையை மட்டும் நம்பாது, பல கணிப்பீடுகளை ஒன்றிணைத்துப் பாடசாலையின் செயற்றிறனை அளந்து, அதனைப் பொறுப்புக்கூறச் செய்யவேண்டும் என்ற கருத்து பல நாடுகளில் வலுப்பெற்றுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், பரீட்சைப் புள்ளிகளோடு பாடசாலையின் தரத்தைக் காட்டும் வேறொரு குறிகாட்டியையேனும் சேர்க்குமாறு மாநிலங்களைப் பணித்தது. இக்கருத்தை நோர்வூட் போன்றதொரு பெருந்தோட்டப் பிரதேசத்தில் வைத்து நோக்குவது பயனுடையது.

பெறுபேற்றைக் கொண்டு பாடசாலையை மதிப்பிடும் முறை புதியதன்று. 1862இல் இங்கிலாந்தில் றொபேர்ட் லோ கொண்டுவந்த ஒழுங்குவிதி, வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் சித்தியடையும் பிள்ளைகளின் தொகைக்கேற்ப நன்கொடை வழங்கியது. 1870இல் தொடங்கிய தசாப்தத்தில் இம்முறை இலங்கையின் நன்கொடைப் பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. பரிசோதகர் கேட்பதை மனனஞ் செய்விப்பதே கற்பித்தலாயிற்று. அரசின் செலவைக் கட்டுப்படுத்துவது அம்முறையின் உள்ளார்ந்த நோக்கங்களுள் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது. அளவுகோல் கல்வியின் தேவையிலிருந்து மட்டுமன்றி, கருவூலத்தின் தேவையிலிருந்தும் பிறந்தது.

ஹட்டன் கல்வி வலயத்தைச் சேர்ந்த நோர்வூட், மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் வீதி பிரியும் சந்தியாகும். சூழவுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் முதலில் எதிர்கொள்ளும் பெரும் அளவுகோல் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இதற்கு இரு பணிகள் உண்டு. வறிய பிள்ளைக்கு உதவித்தொகை வழங்குவது ஒன்று. திறமையான பிள்ளையைப் பிரபல பாடசாலைக்குத் தெரிவு செய்வது மற்றொன்று. இந்த இரண்டாவது பணியே தோட்டப் பாடசாலையின் மதிப்பீட்டைச் சிக்கலாக்குகிறது. தோட்டப் பாடசாலைகள் பல, தரம் 5 அளவில் முடியும் வகை 3ஐ அல்லது தரம் 11 வரை செல்லும் வகை 2ஐச் சேர்ந்தவை. கூடிய புள்ளி பெற்ற பிள்ளை நகரக் கல்லூரிக்குச் செல்கிறது. எஞ்சியோரே ஆறு ஆண்டுகளின் பின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதுகின்றனர். முதற் பரீட்சையிற் கிடைத்த வெற்றி, அடுத்த பரீட்சையில் அதே பாடசாலையின் தோல்வியாகப் பதிவாகிறது. அப்பிள்ளைக்கு அகரம் கற்பித்த ஆசிரியரின் உழைப்பு நகரக் கல்லூரியின் கணக்கில் வரவாகிறது. உழைப்பு ஓரிடத்தும் அதன் பயன் பிறிதோரிடத்தும் சேர்வது பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்குப் பழக்கமானதே.

சித்தி வீதம் என்ற எண்ணும் இவ்வாறே ஐயத்துக்குரியது. வீதம் பரீட்சைக்குத் தோற்றியோரைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இடையில் விலகிக் கொழும்பில் கடையிலோ வீட்டு வேலையிலோ சேர்ந்த பிள்ளை கணக்கில் இல்லை. எனவே பலவீனமான மாணவன் விலக விலக வீதம் உயரும். மேலும் சிறிய பாடசாலையொன்றில் பன்னிருவர் தோற்றுவதாகக் கொண்டால், ஒரு பிள்ளையின் வெற்றி தோல்வியால் வீதம் எட்டுப் புள்ளிக்கு மேல் மாறும். இத்தகைய ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அதிபரைப் பாராட்டுவதும் கண்டிப்பதும் அறிவியல் ஆகாது.

ஆகவே பல கணிப்பீடுகளை இணைப்பது அவசியமே. பல ஆண்டுகளின் பெறுபேறுகளைச் சேர்த்து நோக்கினால் தற்செயலின் பங்கு குறையும். பாடசாலை மட்டக் கணிப்பீடு, பரீட்சை மண்டபம் காணாத பேச்சாற்றலையும் செய்முறைத் திறனையும் காட்டும். ஆயினும் இணைத்தல் என்பது வெறுங் கூட்டலன்று. பரம்பல் அகன்ற பரீட்சையின் மூலப்புள்ளிகளையும் பரம்பல் குறுகிய பரீட்சையின் மூலப்புள்ளிகளையும் கூட்டினால், முன்னையதே முடிவைத் தீர்மானிக்கும். இதனை அறிந்தே 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை முதல், ஒவ்வொரு பாடப்புள்ளியும் அப்பாடத்தின் சராசரியிலிருந்தும் நியம விலகலிலிருந்தும் இசட் புள்ளியாக மாற்றப்பட்டு, மூன்று பாடங்களின் சராசரி கொள்ளப்படுகிறது. நுட்பம் செம்மையானதே. எனினும் எதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்ற வினாவுக்குக் கணிதம் விடை தராது. அது சமூகத் தீர்மானம். ஆகவே அரசியல் தீர்மானம்.

இங்கு தோட்டத்தின் சொந்த அளவுமுறை ஒன்றை நினைவுகூரலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில், குறித்த நிறையை எட்டாத தொழிலாளிக்கு 'அரைப்பேர்' போடப்படுகிறது. அது கொடுமையான முறையே. ஆயினும் இலாபத்தையே குறியாகக் கொண்ட நிர்வாகங்கூட, கொழுந்து மிகுந்த காலத்துக்கும் வரட்சிக் காலத்துக்கும் ஒரே நிறையை விதித்தல் எப்போதும் இயலாதென அறியும். பள்ளிப் பரீட்சையோ அந்தச் சலுகையைத்தானும் அளிப்பதில்லை. லயன் அறையில் விளக்கொளிக்கும் அமைதிக்கும் இடமின்றிப் படித்த பிள்ளையும், தனியார் வகுப்புகளில் பயின்ற நகரப் பிள்ளையும் ஒரே தாளில் அளக்கப்படுகின்றனர். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாக வேறுபடுவதும், பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்படுவதும் இவ்வேற்றத்தாழ்வுக்கான ஒப்புதல்களே. ஆனால் நகரப் பிள்ளையும் தோட்டப் பிள்ளையும் ஒரே மாவட்டத்தினுள் போட்டியிடுகின்றனர். மேலும் அந்த ஒப்புதல் மாணவர் தெரிவோடு நின்றுவிடுகிறது; பாடசாலையை மதிப்பிடும்போது மறக்கப்படுகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? பாடசாலையைப் பொறுப்புக்கூறச் செய்யும் கூட்டு மதிப்பீட்டில் மூன்று அம்சங்கள் இடம்பெறவேண்டும். பிள்ளை எங்கிருந்து தொடங்கியது என்பது முதலாவது. அடைந்த இடத்தை மட்டுமன்றிக் கடந்த தூரத்தையும் அளத்தல் வேண்டும். முதலாந் தரத்தில் சேர்ந்த அனைவரையும் வகுக்கும் எண்ணாகக் கொள்வது இரண்டாவது. அப்போது விலகிய பிள்ளையும் கணக்கில் நிற்கும். பாடசாலைக்கு வழங்கப்பட்டவை மூன்றாவது: கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர்கள், ஆய்வுகூடம், நூலகம், குடிநீர், மலசலகூடம். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையின் விஞ்ஞானப் பெறுபேறு, அந்தப் பாடசாலையின் பெறுபேறன்று. நியமனம் செய்யத் தவறியோரின் பெறுபேறு.

வரலாறும் இதனையே வற்புறுத்துகிறது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத்துரைமார்மீது சுமத்தியது. துரைமாருக்குக் கற்ற தொழிலாளி தேவைப்படவில்லை. எனவே கடமை பெரிதும் ஏட்டளவில் நின்றது. 1945இல் நாடெங்கும் தொடங்கிய இலவசக் கல்வியின் முழுப்பயன் தோட்டத்தை எட்டவில்லை. 1977 முதலே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசிடம் வந்தன. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இந்தப் பின்னடைவை உண்டாக்கியோர் எந்தப் பெறுபேற்று அட்டவணையிலும் இடம்பெறவில்லை. அதன் விளைவைச் சுமக்கும் அதிபரும் ஆசிரியரும் பிள்ளையுமே அதிற் காணப்படுகின்றனர்.

பொறுப்புக்கூறல் கீழ்நோக்கி மட்டும் பாயுமாயின், எத்தனை கணிப்பீடுகளை இணைத்தாலும் அது மேற்பார்வைக் கருவியாகவே எஞ்சும். மேல்நோக்கியும் பாயுமாயின், அதே எண்கள் பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் அரசின்முன் வைக்கக்கூடிய கோரிக்கைப் பத்திரமாகும். மதிப்பீட்டை நிராகரிப்பது முற்போக்கு ஆகாது. அதன் நிறைகளைத் தீர்மானிக்கும் உரிமையைத் தோட்டப் பெற்றோரும் ஆசிரியரும் கோருவதும், வழங்கப்படாதவற்றையும் அதே தாளில் எழுதுவிப்பதுமே இன்றைய பணியாகும்.