குறிலும் நெடிலுமாக ஒரு வினை

தில்லி ஆர்.கே.புரம் வெஸ்ட் பிளாக்கில் வேலை பார்த்த வருடங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்தச் சொல்லை எழுதியிருப்பேன். இன்ன எண், இன்ன தேதியிட்ட கடிதம் 'வைட்'. கோப்பைப் புரட்டுகிறவர் பழைய கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. ஓய்வு பெற்ற பின் லத்தீன் இலக்கணப் புத்தகம் ஒன்றை விரித்து உட்கார்ந்தபோதுதான் அதன் முழு உருவம் தெரிந்தது. சரியான உச்சரிப்பு 'விதே'. 'பார்' என்னும் ஏவல் வினை.

இந்த வினையின் நிகழ்காலத்தைத் தமிழில் எழுதிப் பார்ப்பதே ஒரு சுகம்: விதெஓ, விதேஸ், விதெத், விதேமுஸ், விதேதிஸ், விதெந்த். காண்கிறேன், காண்கிறாய், காண்கிறான், காண்கிறோம், காண்கிறீர்கள், காண்கிறார்கள். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் யாரென்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தோடு நாள் முழுக்க மல்லுக்கு நின்றவனுக்கு இது சொந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி. நம் வீட்டு டி.வி.யில் ஓடும் 'வீடியோ' இந்த வரிசையின் முதல் சொல்தான். 'நான் காண்கிறேன்' என்ற முழு வாக்கியம் அது.

மறுபடி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எகரம் குறுகி, நீண்டு, குறுகி, நீண்டு, நீண்டு, குறுகுகிறது. ரோமன் எழுத்தில் இதைக் காட்டத் தலைமேல் கோடு போட வேண்டும். நமக்கு எ, ஏ என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை இன்றைய வடிவில் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்பார்கள். இத்தாலியில் பிறந்த அவர்தான் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அந்த நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அந்த லத்தீன் வினையை நான் தமிழில் பிழையில்லாமல் எழுத முடிவது அவர் திருத்திய எழுத்தால் என்று நினைக்கையில் மனசு நிறைகிறது.

என்னை உண்மையில் கட்டிப்போட்டது இறந்தகாலம். விதெஓ என்பதன் இறந்தகாலம் 'வீதீ', கண்டேன். காலம் காட்ட முதலெழுத்தே நீள்கிறது. வி வீ ஆகிவிட்டது. இப்போது நம் வினையைப் பாருங்கள்: காண்கிறேன், கண்டேன். கா சுருங்கிக் க ஆகிவிட்டது. அதே பொருள், அதே காலம். அங்கே குறில் நெடிலாகிறது, இங்கே நெடில் குறிலாகிறது. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது. வீரமாமுனிவரின் நூலைப் படித்துத் தமிழ் கற்ற பாதிரியார்கள் 'கண்டேன்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதிர்காலம் 'விதேபோ'. இடையில் நிற்பது பகரம். 'காண்பேன்' என்பதிலும் அப்படியே. இதுவும் தற்செயல்தான். அந்த லத்தீன் பகரம் 'இரு' என்னும் பொருளுடைய ஒரு பழைய வேரிலிருந்து வந்தது. ஆனாலும் நாக்குக்கு இனிக்கிறது. இதே வினையின் எச்ச வடிவமான 'வீசா', 'பார்க்கப்பட்டது' என்ற பொருளில், பக்கத்துச் சாணக்யபுரித் தூதரகங்களில் தினமும் முத்திரையாக விழுகிறது.

லத்தீனில் ஒரு குறையும் உண்டு. 'வீதித்' என்றால் கண்டான், கண்டாள், கண்டது எல்லாமே. கண்டார் என்ற மரியாதைக்கு இடமே இல்லை. ஏவலும் அப்படித்தான்: 'விதே' ஒருமை, 'நீ பார்'. ரோமானியர் யாரையும் ஒருமையிலேயே அழைத்தார்கள் என்பதால் அவர்கள் காதுக்கு அது உறுத்தாது. என் காதுக்கு உறுத்துகிறது. குமாஸ்தா செயலருக்கு எழுதும் குறிப்பல்லவா? தமிழ் நூல்களில் அதே இடத்தில் 'காண்க' என்று போடுகிறோம். வியங்கோள். மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது. யாரையும் தாழ்த்தாமல், யாரையும் விட்டுவிடாமல் கேட்டுக்கொள்கிறது. இந்த ஓரிடத்தில் நம் சொல்லே மேல்.

ஆனால் 'விதேதுர்' என்ற செயப்பாட்டு வடிவத்துக்கு முன்னால் நான் கைகட்டி நிற்கிறேன். நேர்ப்பொருள் 'காணப்படுகிறது', வழக்குப் பொருள் 'தோன்றுகிறது'. பண்டைய ரோமில் தீர்ப்புச் சொல்பவர் 'இவன் செய்தான்' என்று அடித்துச் சொல்வதில்லை. சத்தியம் செய்துவிட்டு, தீர விசாரித்த பிறகும், 'செய்ததாகத் தோன்றுகிறது' என்றே சொல்வது முன்னோர் வைத்த வழக்கம் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார். வெஸ்ட் பிளாக் எட்டில் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம், கையில் கோப்போடு காத்திருக்கும் முன்னாள் சிப்பாய்களைப் பார்க்கையில், அந்த ஒற்றை வினை நினைவுக்கு வருகிறது.